தெருவோர மேசையில் பிறந்த நாவல்கள்: அமெரிக்கக் கறுப்பின வாசகர்களும் தீராத ஒரு வாதமும்

ஒரு நூல் வாசகரைச் சென்றடைய வேண்டுமாயின் பதிப்பகம், விமர்சகர், புத்தகக்கடை, நூலகம் ஆகிய வாயில்கள் அனைத்தையும் கடந்தாக வேண்டும் என்பது பொதுவாக நிலவும் எண்ணமாகும். அந்த வாயில்கள் யாவும் அடைக்கப்பட்டிருந்த நிலையிலும் இலட்சக்கணக்கான பிரதிகள் விற்பனையாகி, ஈற்றில் வாயிற்காவலர்களே வலியச் சென்று உள்ளே அழைத்துவரும் நிலையை ஏற்படுத்திய ஓர் எழுத்து வகை ஐக்கிய அமெரிக்காவில் உண்டு. 'தெரு இலக்கியம்' என்றும் 'நகர்ப்புறப் புனைகதை' என்றும் அழைக்கப்படும் இவ்வகை நாவல்கள் பற்றி எமது வாசகர்கள் அதிகம் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அமெரிக்க இலக்கியம் என்றவுடன் எமது பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களில் இடம்பெறும் பெயர்களுக்கும் இந்நாவல்களுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதே அதற்குக் காரணமாகும்.

இந்நாவல்களின் களம் நியூயோர்க், பிலடெல்பியா, டெட்ரொயிட், பால்டிமோர் போன்ற பெருநகரங்களின் கறுப்பின மக்கள் செறிந்து வாழும் பகுதிகளாகும். அரசாங்கத் தொடர்மாடிக் குடியிருப்புகள், போதைப்பொருள் கைமாறும் தெருமுனைகள், நீதிமன்றம், சிறைச்சாலை ஆகியனவே அவற்றில் திரும்பத் திரும்ப வரும் இடங்கள். தகப்பன் சிறையில் இருக்கும் பிள்ளை, போதைப்பொருள் வியாபாரியைக் காதலிக்கும் பெண், விரைவாகப் பணம் தேட முற்பட்டு விரைவாகவே மடிந்து போகும் இளைஞன் ஆகியோரே அவற்றின் மாந்தர். மொழி தெருவில் பேசப்படும் மொழி. இலக்கணப் பிழைகளும் அச்சுப் பிழைகளும் மலிந்த பதிப்புகள் ஏராளம். அட்டைப்படங்களோ குடும்பத்தினர் மத்தியில் வைத்து வாசிக்கக் கூச்சப்பட வைப்பவை. இவ்வளவையும் கூறிய பின்னரும், இவற்றை வெறும் மலின எழுத்தென்று ஒதுக்கிவிட முடியாதென்பதே எமது கருத்தாகும். ஏனெனில், இவற்றின் வரலாறு அமெரிக்கச் சமூக வரலாற்றின் மிகவும் வேதனையான ஒரு பகுதியுடன் பிணைந்து கிடக்கின்றது.

நகரத்தின் இருண்ட பக்கத்தைக் கறுப்பின எழுத்தாளர்கள் எழுத முற்பட்டது புதிய விடயமன்று. ரிச்சர்ட் ரைட் 1940இல் வெளியிட்ட 'நேட்டிவ் சன்' நாவலும், ஆன் பெட்ரி 1946இல் ஹார்லெம் வீதியொன்றைக் களமாக வைத்து எழுதிய 'த ஸ்ட்ரீட்' நாவலும் இலக்கிய உலகின் மதிப்பைப் பெற்றவை. ஆயுதமுனைக் கொள்ளைக்காகச் சிறைவாசம் அனுபவித்த செஸ்டர் ஹைம்ஸ், சிறையிலிருந்தவாறே எழுதத் தொடங்கி, 1934இல் 'எஸ்கொயர்' சஞ்சிகையில் இடம்பிடித்தார். ஹார்லெமைக் களமாகக் கொண்ட அவரது துப்பறியும் நாவல்களுக்கு முதலில் மதிப்பளித்தது அமெரிக்கா அல்ல, பிரான்ஸ். 1958இல் அந்நாட்டின் உயரிய துப்பறியும் இலக்கியப் பரிசு அவருக்குக் கிடைத்தது. சொந்த நாட்டில் மதிக்கப்படாத எழுத்தாளன் அயல்நாட்டில் மாலை சூட்டப்படுவது எல்லா மொழிகளிலும் நிகழ்வதுதான்.

தெருவையும் சிறையையும் நூலையும் ஒரே வாழ்க்கையில் இணைத்துக் காட்டியவர் மல்கம் எக்ஸ். அவரது மறைவுக்குப் பின் 1965இல் வெளிவந்த சுயசரிதையை எமது முஸ்லிம் வாசகர்கள் பலர் அறிந்திருப்பர். பொஸ்டனிலும் ஹார்லெமிலும் சூதாட்டம், போதைப்பொருள், களவு என்று திரிந்த இளைஞன், சிறைக்குள் அகராதியை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பிரதி செய்து சொற்களைக் கற்றுக்கொண்டதும், சிறை நூலகத்தின் நூல்களை இரவு பகலாக வாசித்ததும், அங்கேயே மதம் மாறியதும், 1964இல் ஹஜ் கடமையை நிறைவேற்றியதன் பின்னர் அவரது சிந்தனை மேலும் விரிவடைந்ததும் அந்நூலில் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. பின்வந்த தெரு இலக்கியத்தின் கதைப்போக்கு பெருமளவுக்கு இச்சுயசரிதையின் முற்பகுதியை ஒத்திருக்கின்றது. பிற்பகுதியில் வரும் விழிப்பை எட்டிய நாவல்கள் மிகச் சிலவே என்பதுதான் வேறுபாடு.

இவ்வெழுத்து வகையின் மூலவர்களாகக் கொள்ளப்படுவோர் இருவர். முதலாமவர் 'ஐஸ்பேர்க் ஸ்லிம்' என்ற புனைபெயரில் எழுதிய ரொபர்ட் பெக். 1918இல் சிக்காகோவில் பிறந்த இவர், 'இன்விசிபிள் மேன்' நாவலை எழுதிய ரால்ப் எலிசன் பயின்ற டஸ்கிகி கல்வி நிலையத்திலேயே சிறிது காலம் கற்றவர். ஒருவர் அமெரிக்க இலக்கியத்தின் உச்சிக்குச் சென்றார். மற்றவர் விபசாரத் தரகராகிப் பலமுறை சிறை சென்றார். அத்தொழிலைக் கைவிட்ட பின்னர் லொஸ் ஏஞ்சலிஸில் வாழ்ந்துகொண்டு 1967இல் அவர் வெளியிட்ட 'பிம்ப்' என்னும் தன்வரலாற்று நூல் இவ்வகையின் மூலநூலாகக் கருதப்படுகின்றது. பெண்களை அடித்தும் ஏமாற்றியும் பணம் பறித்த ஒருவன் அதனை மூடிமறைக்காமல், ஆனால் போதிய கழிவிரக்கமும் இன்றிக் கூறும் நூல் அது. அதை வாசிப்பது இலகுவானதன்று. பெண்கள் மீதான அதன் கொடூரத்தை 'யதார்த்தம்' என்ற சொல்லால் பூசி மெழுகும் விமர்சகர்களுடன் எமக்கு உடன்பாடு இல்லை.

இரண்டாமவர் டெட்ரொயிட் நகரைச் சேர்ந்த டொனால்ட் கொயின்ஸ். சலவை நிலையமொன்றை நடத்திய வசதியான குடும்பத்தில் பிறந்து, வயதைக் கூட்டிக் கூறி விமானப்படையில் சேர்ந்து, அங்கிருந்து ஹெரோயின் பழக்கத்துடன் ஊர் திரும்பியவர். சிறைக்குள் ஐஸ்பேர்க் ஸ்லிமின் நூலை வாசித்த பின்னரே தமது உலகத்தை எழுதலாம் என்ற துணிவு அவருக்குப் பிறந்தது. 1971இல் 'டோப்பீண்ட்' வெளிவந்தது. அதிலிருந்து 1974இல் அவர் சுட்டுக்கொல்லப்படும் வரையிலான மிகக் குறுகிய காலத்தில் எழுதி முடித்த நாவல்கள் 16. போதைக்கான பணத்துக்காகவே இவ்வளவு வேகமாக எழுதினார் என்று கூறுவோர் உளர். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் போதைக்கு அடிமையானவனின் உடலும் மனமும் சிதைவதை 'டோப்பீண்ட்' போன்று ஒளிவுமறைவின்றிக் காட்டிய நூல்கள் குறைவு. அதை வாசித்து ஹெரோயின் மீது ஆசை கொள்ள எவராலும் முடியாது. கொயின்ஸும் அவரது துணைவியும் வீட்டினுள் வைத்துக் கொல்லப்பட்டனர். அக்கொலையின் துப்பு இன்றுவரை துலங்கவில்லை.

இவ்விருவரையும் வெளியிட்டது லொஸ் ஏஞ்சலிஸிலிருந்த ஹொலோவே ஹவுஸ் என்ற பதிப்பகமாகும். அதன் உரிமையாளர்கள் இருவரும் வெள்ளையர்கள். கறுப்பின மக்களிடையே பெரும் வாசகர் கூட்டம் ஒன்று எவராலும் கவனிக்கப்படாது இருப்பதை அவர்கள் கண்டுகொண்டனர். புத்தகக்கடைகளைத் தவிர்த்து, மதுபானக் கடைகள், மருந்துக் கடைகள், பத்திரிகைக் கடைகள் ஆகியவற்றின் வாயிலாக மலிவுப் பதிப்புகளை விற்றனர். பிரதிகள் இலட்சக்கணக்கில் விலைபோயின. எழுத்தாளர்களின் கைக்குச் சென்றது சொற்பமே. ஐஸ்பேர்க் ஸ்லிம் 1992 ஏப்ரல் இறுதியில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் இனக்கலவரத்தில் எரிந்துகொண்டிருந்த நாட்களில், வறுமையில் காலமானார். அவரது பெயரின் சாயலில் தமக்குப் பெயரிட்டுக்கொண்ட ஐஸ்-டி உள்ளிட்ட ராப் பாடகர்கள் அவ்வேளையில் பெரும் செல்வந்தர்களாகியிருந்தனர்.

கொயின்ஸின் மரணத்துக்குப் பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இவ்வகை எழுத்தில் பெரிய எழுச்சி ஏதும் காணப்படவில்லை. ஆனால், அதற்கான கதைக்கரு தெருக்களில் உருவாகிக்கொண்டிருந்தது. 1980களின் நடுப்பகுதியில் 'கிராக்' எனப்படும் மலிவான கொக்கெயின் வடிவம் நகரங்களைச் சூறையாடியது. அதற்கு மருந்தாக 1986இல் கொண்டுவரப்பட்ட மத்திய சட்டம் 5 கிராம் கிராக்கைக் கடத்தியவருக்கும் 500 கிராம் தூள் கொக்கெயினைக் கடத்தியவருக்கும் ஒரே கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையான ஐந்து ஆண்டுச் சிறையை விதித்தது. மலிவான கிராக் ஏழைக் கறுப்பினத்தவரின் தெருவிலும், விலையுயர்ந்த தூள் செல்வந்தர்களின் விருந்துகளிலும் புழங்கியது என்பதை நினைவிற் கொண்டால் இச்சட்டத்தின் விளைவு எவ்வாறிருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இந்த 100க்கு 1 என்ற விகிதம் 2010இல்தான் 18க்கு 1 ஆகக் குறைக்கப்பட்டது. 1980இல் சுமார் ஐந்து இலட்சமாக இருந்த அமெரிக்கச் சிறைக்கைதிகளின் தொகை 2000களின் தொடக்கத்தில் இருபது இலட்சத்தைத் தாண்டியது. இவர்களுள் கறுப்பினத்தவரின் பங்கு, சனத்தொகையில் அவர்களுக்குள்ள பங்கை விடப் பன்மடங்கு அதிகம். 1994இல் கொண்டுவரப்பட்ட மற்றொரு சட்டம், சிறையிலிருந்தவாறு பட்டப்படிப்பைத் தொடர்வதற்கான அரச நிதியுதவியையும் நிறுத்திவிட்டது. ஆகவே, சிறைக்குள் இலட்சக்கணக்கானோருக்குப் பாடநூல் இல்லை, ஆனால் நேரம் இருந்தது. வெளியிலோ அவர்களுக்காகக் காத்திருக்கும் தாய்மாரும் மனைவியரும் பிள்ளைகளும் இருந்தனர். தெரு இலக்கியத்தின் எழுத்தாளர்களும் வாசகர்களும் இவர்களுள்ளிருந்தே தோன்றினர்.

1999இல் வெளிவந்த 'த கோல்டஸ்ட் வின்டர் எவர்' நாவலே மறு எழுச்சியின் தொடக்கமாகப் பலராலும் கொள்ளப்படுகின்றது. இதனை எழுதிய சிஸ்டர் சோல்ஜா அரசியல் செயற்பாட்டாளர், ராப் கலைஞர். 1992ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தற் பிரசாரத்தின்போது பில் கிளின்டன் இவரைப் பகிரங்கமாகக் கண்டித்த சம்பவம் அமெரிக்க அரசியலில் இன்றும் ஓர் உவமையாகப் பேசப்படுகின்றது. நாவலின் நாயகியான வின்டர், புரூக்லினில் போதைப்பொருள் வணிகத்தின் அரசனாக விளங்கும் ஒருவனின் மூத்த மகள். தகப்பன் கைதாகிச் சொத்துக்கள் பறிமுதலான பின்னரும் ஆடம்பரத்தைத் துறக்க விரும்பாத அவள் படிப்படியாக வீழ்ந்து, ஈற்றில் பதினைந்தாண்டுச் சிறைத்தண்டனை பெறுகிறாள். அவள் எதையும் கற்றுக்கொள்வதில்லை என்பதே இந்நாவலின் பலம். தாயின் இறுதிச்சடங்கிற்குச் சிறையிலிருந்து அழைத்துவரப்படும் அவள், தன் தங்கையும் அதே பாதையில் கால்வைத்துவிட்டதைக் காண்கிறாள். எச்சரிக்க நினைக்கிறாள். பின்னர் எதுவும் கூறாமலே விடுகிறாள். ஆசிரியர் உபதேசம் செய்யவில்லை. அந்த மௌனம் போதும் என்று வாசகரை நம்பியிருக்கிறார். பத்து இலட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையான நாவல் இது.

சோல்ஜாவுக்குப் பெரிய பதிப்பகம் ஒன்று கிடைத்தது. மற்றையோருக்குக் கிடைக்கவில்லை. பிலடெல்பியாவில் சட்ட அலுவலகமொன்றில் பணிபுரிந்த டெரி வூட்ஸ், தமது 'ட்ரூ டு த கேம்' நாவலைப் பதிப்பகங்கள் நிராகரித்ததும் தாமே அச்சிட்டு, காரின் டிக்கியில் ஏற்றிச் சென்று நியூயோர்க் தெருக்களில் விற்றார். போதைப்பொருள் குற்றத்துக்காக மத்திய சிறையிலிருந்த விக்கி ஸ்ட்ரிங்கர், அங்கேயே நாவலொன்றை எழுதி முடித்தார். விடுதலையான பின்னர் அதனைப் பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பவே, அவரும் சொந்தமாக அச்சிட்டு, சிகையலங்கார நிலையங்களிலும் தெருவோரங்களிலும் கையால் விற்று, 2001இல் ஓஹியோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 'ட்ரிபிள் க்ரவுண்' என்ற பதிப்பகத்தை நிறுவினார். தாம் முன்னர் சார்ந்திருந்த கும்பலின் பெயரையே பதிப்பகத்துக்குச் சூட்டினார் என்பது கவனிக்கத்தக்கது. 'கேங்ஸ்டா' எழுதிய குவான், 'எ ஹஸ்லர்ஸ் வைப்' எழுதிய நிக்கி டேர்னர் ஆகியோர் அதன்வழியே அறிமுகமானவர்கள். ஷனன் ஹோம்ஸ் சிறையில் எழுதிய 'பி-மோர் கெயார்புல்' நாவலை 2001இல் வெளியிட்டவர் டெரி வூட்ஸ். சிறைக்குள் கையெழுத்தில் எழுதப்பட்ட நாவலை வெளியில் உள்ள ஒரு பெண் அச்சேற்றி, தெருவிலுள்ள ஒருவர் விற்று, வாசித்து முடித்த பிரதி மீண்டும் ஏதோவொரு சிறைக்கு அஞ்சலில் செல்லும் விந்தையான சுற்று ஒன்று இவ்வாறாக உருவாகியது.

தெருவில் ஏனைய பொருட்களை விற்பவரை விரட்டும் பொலிஸார் புத்தகம் விற்பவரை ஏன் விட்டுவைத்தனர் என்ற வினா எழலாம். நியூயோர்க் மாநகரசபை 1982இல் நிறைவேற்றிய 33ஆம் இலக்க உள்ளூர்ச் சட்டம், அச்சிட்ட எழுத்தை நடைபாதையில் விற்பவருக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்று விலக்களித்தது. பேச்சுச் சுதந்திரம் பற்றிய அரசியலமைப்பு வாசகமே இதன் அடிப்படை. ஆகவே, ஒரு மடக்கு மேசையும் சிறிது முதலும் உள்ள எவரும் புத்தக வியாபாரியாகலாம் என்ற நிலை உருவாகியது. சமூகவியலாளர் மிச்செல் டுனியர் 1999இல் வெளியிட்ட 'சைட்வோக்' என்ற ஆய்வுநூல், நகரின் கீழ்ப்பகுதியில் இத்தகைய நடைபாதை வியாபாரிகளின் வாழ்வை மிக நுணுக்கமாக விபரிக்கின்றது. அவ்வியாபாரிகளுள் ஒருவர் தமது மேசையைச் சுற்றி நிற்கும் இளைஞருக்கு எதை வாசிக்கலாம் என ஆலோசனை கூறும் ஆசானாகவும் விளங்கியதை அதில் காணலாம்.

ஹார்லெமின் 125ஆம் வீதியில் நிலை சற்று வேறு. அங்கு மேற்கு ஆபிரிக்காவிலிருந்து, குறிப்பாக செனகலிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம்கள் பலர் தெருவோர வியாபாரிகளாக இருந்தனர். 1994இல் மாநகர நிர்வாகம் இவ்வியாபாரிகளைப் பலவந்தமாக அப்புறப்படுத்தியபோது, 116ஆம் வீதியில் அவர்களுக்கென மாற்றுச் சந்தை ஒன்று அமைந்தது. அதனைப் பொறுப்பேற்று நடத்தியது மல்கம் எக்ஸின் பெயரைத் தாங்கிய பள்ளிவாசலாகும். வியாபாரிகளை அப்புறப்படுத்திய போதிலும் புத்தக மேசைகள் சில ஆண்டுகளிலேயே 125ஆம் வீதிக்குத் திரும்பின. அத்தர், ஊதுபத்தி, சமய நூல்கள் ஆகியவற்றுடன் தெரு நாவல்களும் அருகருகே விற்கப்படும் காட்சியை அங்கு சாதாரணமாகக் காண முடிந்தது.

பணம் புரளும் இடத்தைப் பெருவணிகம் நெடுநாள் பாராமுகமாக விட்டுவைப்பதில்லை. 2000களின் நடுப்பகுதிக்குள் சைமன் அன்ட் ஷுஸ்டர், சென் மார்ட்டின்ஸ், கென்சிங்டன் முதலான நிறுவனங்கள் தெருவில் பெயர்பெற்ற எழுத்தாளர்களைத் தேடிச்சென்று ஒப்பந்தம் செய்யத் தொடங்கின. ராப் பாடகர் பிப்டி சென்ட் 2007இல் தமது பெயரில் நூல் வரிசை ஒன்றை ஆரம்பித்தார். முன்னர் கூறிய ஹொலோவே ஹவுஸின் நூல்களும் 2008இல் கென்சிங்டனின் கைக்கு மாறின. இந்த மாற்றத்தால் எழுத்தாளர் சிலருக்கு நியாயமான வருவாய் கிடைத்தது. அது மறுக்கப்படலாகாது. ஆயினும், விற்பனையான ஒரே கதையைப் பெயரையும் நகரையும் மாற்றித் திரும்பத் திரும்ப எழுதுமாறு சந்தை வற்புறுத்தியதும் இக்காலத்திலேயே. முதல் தலைமுறையினர் தாம் பட்டதை எழுதினர். அடுத்து வந்தோரிற் பலர் முதல் தலைமுறையினரை வாசித்து எழுதினர்.

எதிர்ப்பு உள்ளிருந்தே வந்தது. கறுப்பின எழுத்தாளரும் பத்திரிகையாளருமான நிக் சைல்ஸ் 2006 ஜனவரியில் 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையில் எழுதிய கட்டுரை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. சோரா நீல் ஹேர்ஸ்டனின் புகழ்பெற்ற நாவலின் தலைப்பைத் திரித்து, கறுப்பின வாசகரின் கண்கள் இன்று ஆபாசத்தில் மொய்த்திருக்கின்றன என்ற பொருள்படும் தலைப்பை அவர் சூட்டியிருந்தார். அட்லாண்டாவின் புறநகர்ப் புத்தகக்கடையொன்றில் 'ஆபிரிக்க அமெரிக்க இலக்கியம்' என்ற பலகையின் கீழே அரைநிர்வாண அட்டைகளுக்கு நடுவில் தமது நூல்களும் கிடப்பதைக் கண்டு வெட்கமும் வேதனையும் அடைந்ததாக அவர் எழுதினார். 'பிளை கேர்ள்' நாவல் மூலம் 1990களில் இவ்வெழுச்சிக்குப் பாதை வகுத்த ஒமர் டைரி கூட 2008இல் இவ்வகை எழுத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார்.

சைல்ஸின் வேதனை நியாயமானதே. ஆனால், அவர் சுட்டிக்காட்டிய காட்சியில் குற்றவாளி யார் என்பதில் நாம் அவருடன் வேறுபடுகிறோம். வெள்ளையின எழுத்தாளரின் கொலைக்கதை 'துப்பறியும் நாவல்' என்ற அடுக்கிலும், காதற்கதை 'காதல்' என்ற அடுக்கிலும், உயர் இலக்கியம் 'இலக்கியம்' என்ற அடுக்கிலும் வைக்கப்படுகின்றது. ஸ்டீபன் கிங்கின் பேய்க்கதை தமது நூலின் மாண்பைக் கெடுக்கின்றது என்று போல்க்னரின் வாசகர் எவரும் முறையிடுவதில்லை. கறுப்பினத்தவர் எழுதினால் மாத்திரம், நோபல் பரிசு பெற்ற டொனி மொரிசனாயினும் தெருவில் விற்கும் புதியவராயினும், தோலின் நிறத்தைக் கொண்டு ஒரே அடுக்கில் திணிக்கப்படுகின்றனர். அந்த அடுக்கைத் தயாரித்தது ட்ரிபிள் க்ரவுண் அன்று.

எமது நாட்டிலும் 1960களில் முற்போக்கு எழுத்தாளர்கள் பேச்சுவழக்கில் எழுதியதை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர்கள் சிலர் தூற்றியதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல. எமது எழுத்தாளர்களிடம் கொள்கை இருந்தது. அமெரிக்கத் தெரு நாவலாசிரியரிற் பலரிடம் அது இல்லை. ஆனாலும் எவருடைய பேச்சு ஏட்டில் ஏறலாம் என்ற வினா இரண்டுக்கும் பொதுவானது.

பெண்கள் பற்றிய பிரச்சினைதான் இவ்விடயத்தில் மிகவும் சிக்கலானது. பழைய தலைமுறையின் நூல்கள் ஆண்களால் எழுதப்பட்டவை. 1999இற்குப் பிந்திய எழுச்சியின் முன்னணியில் நின்றோர் பெரும்பாலும் பெண்கள். வாசகரிலும் பெரும்பான்மையினர் பெண்களே. இருந்தும், விலையுயர்ந்த கைப்பையையும் காரையும் பெற்றுத்தரும் ஆணே பெண்ணின் இலட்சியம் என்ற செய்தியைப் பக்கத்துக்குப் பக்கம் கூறும் நாவல்களை அவர்களே எழுதியும் வாசித்தும் வந்தனர். அடிவாங்கும் பெண் அதனைக் காதலின் அடையாளமாகக் கொள்ளும் காட்சிகள் இவற்றில் அபூர்வமல்ல. பதினான்கு வயதுச் சிறுமியின் கையில் இத்தகைய நூலைக் கண்ட தாய் அஞ்சுவாளாயின் அவளைப் பழமைவாதி என்று நாம் கூறமாட்டோம்.

அதே சிறுமியைப் பற்றி நூலகர்கள் கூறும் கதை வேறு. பள்ளியில் ஒரு நூலையும் முழுமையாக வாசித்திராத பிள்ளைகள் தெரு நாவல்களை ஒரே மூச்சில் வாசித்து முடித்து அடுத்ததைக் கேட்டு வந்ததை நகரப் பொது நூலகங்களின் பணியாளர்கள் கண்டனர். இந்நூல்கள் அடுக்கில் வைத்தவுடன் காணாமற்போயின. இரவல் காத்திருப்போர் பட்டியல் நீண்டது. பிலடெல்பியாவில் நூலகராகப் பணியாற்றி, இளையோர் வாசிப்புக் குழுக்களை நடத்திய வனெஸா ஏர்வின் மொரிஸ், இவ்வனுபவங்களை அடிப்படையாகக் கொண்டு சக நூலகர்களுக்கான வழிகாட்டி நூலொன்றை 2012இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் வெளியீடாகத் தந்தார். வாசகரைத் திட்டாமல், அவர் கையிலிருக்கும் நூலைப் பற்றி முதலில் பேசி, அதிலிருந்து ஆன் பெட்ரிக்கும் ரிச்சர்ட் ரைட்டுக்கும் பாலமமைப்பதே நூலகரின் கடமை என்பது இத்தரப்பினரின் வாதம். பாலத்தைக் கடந்தவர் எத்தனை பேர் என்று கேட்கலாம். பாலம் இல்லாதபோது எவரும் கடக்கவில்லை என்பதே அதற்குரிய பதிலாக இருக்கும்.

முரண் யாதெனில், இவ்விலக்கியம் பிறந்த சிறைச்சாலைகளிலேயே அது தடுக்கப்படுவதாகும். குற்றச்செயலைத் தூண்டுவது, பாலியல் விபரிப்பு ஆகிய காரணங்களைக் காட்டிப் பல மாநிலங்களின் சிறை நிர்வாகங்கள் தெரு நாவல்கள் பலவற்றைத் தடைசெய்துள்ளன. சிறைச்சாலைகளின் நூற்தடையே அமெரிக்காவின் மிகப் பெரிய நூற்தடை என்று பென் அமெரிக்கா அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கையில் கண்டித்திருந்தது. அத்தடைப் பட்டியல்களில் மல விளிம்பிலான எழுத்து மாத்திரமன்றி வரலாற்று, அரசியல் நூல்களும் இடம்பெற்றுள்ளன என்பதைக் கொண்டு பார்த்தால், ஒழுக்கத்தைக் காப்பது மாத்திரமே நோக்கம் என்று நம்புவது கடினம். 1994இல் நிறுத்தப்பட்ட கைதிகளின் கல்வி நிதியுதவி 2023இல் முழுமையாக மீளளிக்கப்பட்டது ஓர் ஆறுதல்.

முஸ்லிம் வாசகர்களுக்கு மற்றொரு நூல் பற்றியும் கூறவேண்டும். சிஸ்டர் சோல்ஜா 2008இல் வெளியிட்ட 'மிட்நைட்' நாவலின் நாயகன், சூடானிலிருந்து தாயுடன் புரூக்லினுக்கு வரும் முஸ்லிம் சிறுவன். தொழுகையைத் தவறவிடாத, தாயின் தையல் வேலையைச் சிறு வணிகமாக வளர்த்தெடுக்கும், பெண்களைத் தாழ்ந்த பார்வையுடன் மதிக்கும் இளைஞனாக அவன் சித்திரிக்கப்படுகின்றான். முதல் நாவலில் வின்டரின் தகப்பனுக்குக் கீழ் வேலைசெய்த துணைப்பாத்திரத்துக்கு ஆசிரியர் இவ்வாறு ஒரு முன்கதையை அமைத்தார். 2001இற்குப் பிந்திய அமெரிக்காவில் முஸ்லிம் இளைஞன் ஒருவனை இலட்சிய நாயகனாக நிறுத்திய ஜனரஞ்சக நாவல்கள் எத்தனை என்று எண்ணினால் இதன் துணிவு விளங்கும். அவனது ஒழுக்கமும் வன்முறையும் பக்கம்பக்கமாக நிற்பதை ஆசிரியர் முற்றாகத் தீர்த்துவைக்கவில்லை என்ற குறை எமக்குண்டு.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் நிலைமை பெரிதும் மாறிவிட்டது. சைல்ஸை வேதனைப்படுத்தியது போன்ற அடுக்குகளைத் தாங்கிய போர்டர்ஸ் புத்தகக்கடைத் தொடர் 2011இல் மூடப்பட்டது. மின்னூல்கள் வந்தபின் காரின் டிக்கியும் மடக்கு மேசையும் முன்னைய முக்கியத்துவத்தை இழந்தன. சில டொலருக்கு ஒரு நாவலைக் கைத்தொலைபேசியில் இறக்கிக்கொள்ளலாம். அட்டைப்படம் அருகில் இருப்பவருக்குத் தெரியாது என்பதும் ஒரு வசதிதான். டெரி வூட்ஸின் நாவல் 2017இல் திரைப்படமானது. 2014இல் தொடங்கிய 'பவர்' போன்ற தொலைக்காட்சித் தொடர்களில் தெரு நாவலின் கதைக்களத்தையும் மாந்தரையும் எவரும் அடையாளம் காணலாம். நூலைத் தொடாத பார்வையாளரும் அக்கதையை இன்று அறிவர்.

சிறைக்குச் சென்ற வின்டரின் கதையை அறிய வாசகர்கள் இருபதாண்டுகளுக்கு மேல் காத்திருந்தனர். 2021இல் இரண்டாம் பாகம் வெளிவந்தது. பதினைந்தாண்டுத் தண்டனையை முடித்து வெளியே வரும் நாளிலேயே அவள் சுடப்படுகிறாள். கதையின் பெரும்பகுதி மறுமை உலகில், அவளது செயல்களுக்கான விசாரணையாக நிகழ்கின்றது. தெருவையும் பணத்தையும் எதிர்பார்த்து வந்த இரசிகர்கள் பலர் முகம் சுளித்தனர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த சோல்ஜாவோ இம்முறை உபதேசத்தை மறைக்க முற்படவில்லை.